நாற்காலியைச் சுற்றிப் போன மெஷின்

பம்மலிலிருந்து நூர்ஜஹான் அக்கா. பொழிச்சலூரிலிருந்து மூர்த்தி. வவுனியாவிலிருந்து வந்து பம்மலில் குடியிருக்கும் நான். எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க, செம்பாக்கத்திலிருந்து வித்யா மிஸ். தாம்பரத்தில் நாங்கள் வேலை செய்யும் தையல் கம்பெனியின் மாடியறையில், தரையில் சுண்ணக்கட்டியால் கட்டம் போட்டு, பிள்ளை பெற்றவர்கள் விளையாடினோம். ஊரில் இருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். கம்ப்யூட்டரில் ஓடும் துணி வெட்டும் மெஷின் வரப்போகிறது. அதற்கு உத்தரவு கொடுக்கப் பழகியவருக்கு வேலை நிலைக்கும். மற்றவர் வீட்டுக்குப் போகலாம்.

ஒருவர் மெஷின். இன்னொருவர் உத்தரவு சொல்லி அவரை எதிர் மூலையிலுள்ள பெட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். மெஷினுக்குச் சொந்தப் புத்தி கூடாது. முதலில் நான் மெஷின். மூர்த்தி நேராகப் போகச் சொன்னான். போனேன். சுவர் வந்தது. மூக்கு இடிக்க, நின்ற இடத்திலேயே கால்களைத் தூக்கித் தூக்கி வைத்தேன்.

"இன்னாண்ணா, செவுரு தெரியலையா? பேஜாரா கீதே!"

"நிக்கச் சொல்லேல்லையே."

மிஸ் கைதட்டினார். பெருமைப்பட ஒன்றுமில்லை. ஊரில் இராணுவச் சோதனைச் சாவடியில் நில் என்றால் நிற்போம், நட என்றால் நடப்போம். சொந்தப் புத்தியைச் சைக்கிளோடு ஓரமாக விட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். நல்ல பயிற்சி.

அடுத்து அக்கா மெஷின், உத்தரவு நான். நடுவிலிருந்த நாற்காலியை மறந்துவிட்டேன். அக்கா மறக்கவில்லை. புடவையைத் தூக்கிக்கொண்டு அதைச் சுற்றிப் போய்ப் பெட்டியைத் தொட்டுவிட்டார்.

"அக்கா, நீங்க அதுல முட்டிட்டு நின்னிருக்கணும்," என்றார் மிஸ்.

"முட்டிக்கினா கால் நோவாதா? பாவம், வேத்தூர்லேர்ந்து வந்த மனுஷன் மறந்துட்டாரு. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கினேன். அதுல இன்னா?"

அக்காவும் நானும் தோல்வி. இன்னும் ஒரே வாய்ப்பு என்றார் மிஸ்.

இந்த ஊரே இப்படித்தான். தெருப் பேரைத் தப்பாகச் சொல்லிக் கேட்டாலும் சரியான வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். அக்காவின் இரக்கத்தை நிறுத்த என்னால் ஆகாது. அதையே உத்தரவாக்கினேன்.

"ஒவ்வொரு கட்டமா வாங்கோ. முன்னால ஏதும் இருந்தா வலப்பக்கமா சுத்தி வாங்கோ. பெட்டி வந்தா நில்லுங்கோ."

ஒரே மூச்சில் அவ்வளவு நான் பேசியதில்லை.

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று கேட்டபடியே அக்கா சுற்றி வந்தார். மூர்த்திக்கும் ஒருவழியாகப் பிடிபட்டது. மூவருக்கும் வேலை நிலைத்தது.

மாலை மின்சார ரயிலில் சன்னலோரம் யாரோ ஒருவர். பக்கத்தில் அக்கா, மூர்த்தி. நான் நின்றேன்.

"அண்ணா, மெஷின் இன்னும் ஆஃப் ஆவலியா? ஒக்காரு," என்றான் மூர்த்தி.

மூவரும் நகர்ந்தார்கள். என் பாதி உடம்பு பலகையில், பாதி வெளியில். மூன்று பேர் இருக்கையில் நான்கு பேர்.