கல்தொட்டியும் என் ஓரகத்தியும்

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே வரும் டவுன் பஸ் எங்கள் ஊரோடு திரும்பிவிடும். அதற்கப்பால் கேரளம். எங்கள் மாதா கோயில் எத்தனை நூற்றாண்டு பழையது என்று யாருக்கும் தெரியாது. பருத்த சுண்ணாம்புச் சுவர், சிமென்ட் மேடைமேல் கல்லில் குடைந்த ஒரு ஞானஸ்நானத் தொட்டி. வெளியூரார் வந்தால் கோயிலின் கதையைச் சொல்பவள் நான். இந்த ஊரிலேயே பிறந்து, இங்கேயே வாழ்க்கைப்பட்டு, பள்ளியில் வரலாறும் நடத்தியவள். எங்கள் முன்னோர் யார் தயவும் இல்லாமல் கட்டிய கோயில் என்று சொல்லும்போது என் குரலே கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும்.

போன திருவிழாவுக்கு மறைமாவட்ட ஆயர் வந்தார். கோயிலைப் பற்றிப் பேசப் எங்கள் பங்குச்சாமியார் என்னைக் கூப்பிடவில்லை. என் கொழுந்தனார் மனைவியைக் கூப்பிட்டார். பாலக்காட்டுப் பக்கத்துப் பெண். பாடுவாள், சிரித்துப் பேசுவாள். எனக்கு வயிறு எரிந்தது.

அவள் மைக்கைப் பிடித்து, "இந்தத் தொட்டி எங்கூர்க் கோயில்ல இருந்ததுங்க. படை வருதுன்னு பயந்து, கணவாய் தாண்டி வண்டியில கொண்டாந்து இங்க ஒளிச்சு வெச்சாங்களாம். அப்புறம் திருப்பிக் கேக்கவே இல்லைன்னு எங்கப்பா சொல்லுவாருங்க" என்றாள்.

கைத்தட்டல் அடங்க வெகுநேரமானது. ஆயர் அவள் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். அன்று பந்தியில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பொய் என்று நிரூபிக்கத்தான் அவள் பிறந்த ஊருக்கு யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். புதிதாகக் கட்டிய கோயில். வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் பழைய பொருள் ஏதாவது உண்டா என்றேன். முற்றத்து மூலையைக் காட்டினார். துளசிச் சட்டியைத் தாங்கிக்கொண்டு ஒரு கல்தூண் இடுப்புயரத்துக்கு நின்றது. அதைச் சுற்றிக் கொடியும், கொடிக்கு நடுவே மீன்களும். எங்கள் தொட்டியின் விளிம்பில் நான் பிறந்ததிலிருந்து பார்த்த அதே கொடி, அதே மீன். தூணின் தலையை முந்தானையால் அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டேன். ஊருக்கு வந்து தொட்டியின் அடிவட்டத்தில் வைத்தேன். இம்மி பிசகவில்லை.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் வரலாறு நடத்தியவளுக்கு அது முடியவில்லை. பங்குச்சாமியாரிடம் போய், தொட்டி அந்த ஊருடையதுதான் என்று சொன்னேன். பக்கத்தில் நின்ற ஓரகத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நெசமாவே போய்ப் பாத்தீங்களா? அது இந்தத் தொட்டியோட தூணுன்னு நானே கவனிச்சதில்லைங்க!"

"பாத்துட்டுத்தான் வாரேன் கண்ணு" என்றேன்.

அந்த ஊரார் தூணை மனமுவந்து கொடுத்தார்கள். சிமென்ட் மேடையை உடைத்துவிட்டு, தூணை நட்டு, தொட்டியை அதன்மேல் ஏற்றினோம். அதில் முதல் ஞானஸ்நானம் ஓரகத்தியின் பேத்திக்குத்தான். ஞானத்தாயாக நிற்கச் சொல்லி அவளே என்னைக் கேட்டாள். நின்றேன். குழந்தை என் கையில் வீறிட்டு அழுதது. அவள் வாங்கியதும் அடங்கிவிட்டது. அதற்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.