மண்வெட்டி நங்கூரம்

என் கணவர் அரசுப் பேருந்து ஓட்டுநர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் எங்கள் வீட்டுக்கு ஒரு படகு வந்தது. குட்டி யானை வண்டியின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த, வெளிறிப்போன மஞ்சள் நிற ஃபைபர் படகு. இண்டூரில் எங்கள் தெருவுக்கு டிராக்டர் வந்திருக்கிறது, நெல் அறுக்கும் இயந்திரம் வந்திருக்கிறது, ஒருமுறை ஆசீர்வாதம் செய்யும் யானைகூட வந்திருக்கிறது. படகு வந்ததில்லை. எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது எதுக்குங்க, மாட்டுக்குத் தண்ணி வெக்கவா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. தண்ணீர்த் தொட்டி என்றேதான் நினைத்திருந்தார்.

எங்கேயோ மூடிப்போன ஒரு சுற்றுலா விடுதியில் சும்மா கிடந்ததை இவர் விலைக்கு வாங்கியிருந்தார். இரண்டு துடுப்பும், ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகள் இரண்டும் உடன் வந்தன. "இதை எங்க ஓட்டப் போறீங்க?" என்று கேட்டேன்.

"ஏரியிலதான். அந்த ஏரிக்கரை ரோட்டுல எத்தன வருசம் வண்டி ஓட்டியிருக்கறேன். ஒரு நாளாவது திரும்பிப் பாத்திருப்பனா? பாத்திருந்தா பஸ்ஸு பள்ளத்துல கெடந்திருக்கும்."

வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பது என் வேலை. நாள் முழுக்க ஊசி ஓடும் ஓரங்குலத்தையே பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு, அகலமான ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் ஆசைப்படுவது புரியாமல் இல்லை.

தொடர்ந்து நல்ல மழை பெய்ததால் ஏரி நிறைந்திருந்தது. ஊராட்சியில் கேட்டபோது, மீன் குத்தகை எடுத்திருப்பவர் சரி என்றால் தங்களுக்கும் சரி என்றார்கள். குத்தகைக்காரர் என் தம்பி வயதுக்காரர். தினமும் பரிசலில் போய் வலை போடுகிறவர். "கெழக்குப் பக்கம் வலை கட்டியிருக்குதுங்க. அந்தப் பக்கம் மட்டும் வந்துடாதீங்க" என்று ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே அந்த நிபந்தனையை மீறிவிட்டோம். வேண்டுமென்று மீறவில்லை. ஏரியின் நடுவில் துடுப்பை உள்ளே எடுத்து வைத்துவிட்டுப் புளிசாதம் சாப்பிட உட்கார்ந்தோம். தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது. வத்தல்மலை தூரத்தில் நீலமாகத் தெரிந்தது. இவர் ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, "வண்டி நின்னுடுச்சு பாரு" என்றார். அது நிற்கவில்லை. மேற்கிலிருந்து வந்த காற்று எங்களை மெதுவாகத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறது. டிபன் பாக்ஸை மூடிவிட்டு நிமிர்ந்தால் வலையின் மிதவைகள் எங்கள் இருபுறமும் இருந்தன. அவசரத்தில் இவர் துடுப்பைப் போட, அது வலைக்குள் மாட்டி நான்கைந்து கண்ணிகளைக் கிழித்தது.

குத்தகைக்காரர் பரிசலில் வந்து, துடுப்பை விடுவித்து, எங்களைத் தள்ளிவிட்டார். கோபத்தை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. "வலை கெடக்குதுங்க, பின்னிக்கலாம். ஆனா நிறுத்தறதுக்கு ஒரு வழி பண்ணிக்கிட்டு அப்புறம் வாங்க" என்றார்.

வண்டியை நிறுத்தத் தெரியாது என்று இவரை யாரும் சொன்னதே கிடையாது.

மறுவாரம் ஒரு யூரியா சாக்கில் மணலைக் கட்டிக் கயிறு போட்டுக் கொண்டுவந்தார். கனம் இருந்தால் படகு நின்றுவிடும் என்பது அவருடைய கணக்கு. இறக்கியதும் நின்றதுபோல்தான் இருந்தது. ஆனால் இந்தமுறை அவர் ஏமாறத் தயாராக இல்லை. கரையில் ஒரு பனைமரமும் அதற்கு நேர் பின்னால் ஒரு செல்போன் டவரும் இருந்தன. இரண்டும் ஒன்றையொன்று மறைக்கும்படி இருந்தால் நாம் நிற்கிறோம், விலகினால் நகர்கிறோம் என்றார். சாப்பிடும்போதும் பனைமரத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் டவர் பனைமரத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. சாக்கு சேற்றின் மேல் பலகைபோல் வழுக்கிக்கொண்டு வந்திருந்தது. அதை மேலே தூக்கிய தூக்கில் இவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் தைலம் தேய்த்துவிட்டேன்.

பெங்களூரில் வேலை செய்யும் எங்கள் மகள் விஷயத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, போனிலேயே ஒரு நங்கூரம் வாங்கி அனுப்பினாள். பார்சலைப் பிரித்தால் உள்ளங்கை அளவில், பளபளவென்று, பித்தளையில் இருந்தது. மேஜைமேல் வைக்கிற அலங்காரப் பொருள். "படத்துல பெருசாத்தாம்மா இருந்துச்சு" என்றாள்.

அதன்பின் கம்பைநல்லூரில் என் அண்ணன் வீட்டுக்கு ஒரு காதுகுத்துக்குப் போனபோதுதான் அந்தக் கொக்கி கண்ணில் பட்டது. கிணற்றில் வாளி விழுந்தால் எடுப்பதற்காக வைத்திருக்கும் பாதாளக் கரண்டி. ஒரு தண்டின் அடியில் பூப்போல் விரிந்த இரும்புக் கொக்கிகள். இவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நங்கூரமேதான்" என்றார். அண்ணன் சிரித்துக்கொண்டே, "எடுத்துட்டுப் போங்க மாப்ள, பத்தரமாத் திருப்பிக் குடுத்துடுங்க. எங்கப்பா காலத்துது" என்றார்.

நடு ஏரியில் அது சேற்றைச் சீப்பு வாருவதுபோல் வாரிக்கொண்டு வந்ததே தவிரப் பிடிக்கவில்லை. கொக்கி என்றால் மாட்டுவதற்கு ஏதாவது வேண்டும் என்று, வடக்கு மூலைக்குப் படகை ஓட்டினார். ஏரி வறண்டு கிடந்த காலத்தில் அங்கே வேலிக்காத்தான் முள்மரம் காடுபோல் வளர்ந்திருந்தது. வெட்டி எடுத்துவிட்டார்கள், ஆனால் அடிக்கட்டைகள் தண்ணீருக்குள் அப்படியே இருந்தன. அங்கே போட்டதும் படகு ஒரு குலுக்கலோடு நின்றது. பனைமரமும் டவரும் அசையவில்லை. இவருக்கு அன்று வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. காலை நீட்டிப் படுத்துவிட்டார். நான் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கொக்கு மீன் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணி வாக்கில் மேற்கே மேகம் கறுத்தது. கிளம்பலாம் என்று கயிற்றை இழுத்தால் வரவில்லை. இவர் எழுந்து நின்று இழுத்தார். படகின் ஓரம் தண்ணீர் மட்டத்துக்குச் சாய்ந்து, ஒரு சொம்பு தண்ணீர் உள்ளே வந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. இவருக்கும் தெரியாது.

"கயித்த விட்டுடுங்க" என்றேன்.

"விட்டா உங்க அண்ணனுக்கு என்ன பதில் சொல்றது?"

"மொதல்ல நாம உசுரோட போய்ச் சேருவோம். அப்புறம் பதில் சொல்லிக்கலாம். உக்காருங்க."

உட்கார்ந்தார். காற்று பலமாகி, அலை பக்கவாட்டில் வந்து அடித்தது. நாங்கள் குடிக்கக் கொண்டுவந்திருந்த தண்ணீர் கேனில் பாதிக்குமேல் மீதி இருந்தது. அதைக் கொட்டி, மூடியை இறுக்கித் திருகி, கயிற்றைப் படகிலிருந்து அவிழ்த்து, அதன் நுனியைக் கேனின் கைப்பிடியில் கட்டித் தண்ணீரில் போட்டேன். கேன் மிதந்தது. படகு விடுபட்டுத் திரும்பியது. இவர் துடுப்புப் போட, நான் மிதவைச் சட்டையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மழையோடு கரை சேர்ந்தோம். கரையில் குத்தகைக்காரர் குடையோடு நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் பரிசலைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் போனார். எங்களுக்காகத்தான் நின்றிருந்தார் என்று வீட்டுக்கு வந்து ஈரப் புடவையை மாற்றும்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலையில் ஒரு பையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது எனக்கு அரிசி மூட்டையின் ஞாபகம் வந்தது. மூட்டை வாயிலுள்ள சங்கிலித் தையலை ஒரு பக்கத்திலிருந்து இழுத்தால் மேலும் இறுகும். மறுபக்க நுனியைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று மொத்தமும் கழன்றுவரும். நாங்கள் கரண்டியை அது மாட்டிய பக்கமே இழுத்துக்கொண்டிருந்தோம். இவரிடம் சொன்னேன். முகம் கழுவிக்கொண்டிருந்தவர் சோப்பு நுரையோடு நின்று கேட்டார்.

வெயில் ஏறுவதற்குள் போனோம். கேன் அதே இடத்தில் மிதந்துகொண்டிருந்தது. கயிற்றை எடுத்துக்கொண்டு, கேனைத் தாண்டி மறுபக்கத்துக்குப் படகை ஓட்டச் சொன்னேன். அங்கிருந்து இழுத்ததும் கரண்டி கட்டையைவிட்டுக் கழன்று, ஒரு வேர்த்துண்டோடு மேலே வந்தது. "தையக்காரிகிட்ட முன்னாடியே கேட்டிருக்கணும்" என்றார் இவர். அடுத்த பஸ்ஸிலேயே அதைக் கம்பைநல்லூர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

எங்கள் ஏரி பெரும்பாலும் சேறு. சேற்றுக்குக் கொக்கி உதவாது, கனமும் உதவாது என்பது இதற்குள் தெரிந்துவிட்டது. போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, சேற்றில் புதைந்து பிடிக்கிற தட்டையான நங்கூரம் என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார். இரண்டு அகலத் தகடுகள், நடுவில் இரண்டு பக்கமும் மடங்குகிற ஒரு தண்டு. வெல்டிங் பட்டறையில் போய்ப் படத்தைக் காட்டினார். பட்டறைக்காரர் இரண்டு பழைய மண்வெட்டித் தகடுகளை வைத்துச் செய்து கொடுத்தார். ஒரு கையால் தூக்கலாம். "இவ்ளோ லேசா இருக்குது, நிக்குமாங்க?" என்று இவர் கேட்டதற்கு, "எனக்கென்ன தெரியும்ங்க, நீங்க காட்டினதைச் செஞ்சிருக்கறேன்" என்றார் அவர்.

நிற்கவில்லை. ஏரியில் போட்டதும் தகடு சேற்றின்மேல் வழுக்கியது. பனைமரத்தைவிட்டு டவர் விலகியது. இவர் சோர்ந்துபோனார். படகை விற்றுவிடலாம் என்றுகூட ஒரு வார்த்தை வந்தது.

அந்த வாரம் எதிர்வீட்டு அம்மா நடவுக்காக வயலைச் சேறாக்கி வைத்திருந்தார். "உங்க வயல்ல இதைக் கொஞ்சம் இழுத்துப் பாக்கட்டுங்களா?" என்று இவர் கேட்டார். அந்த அம்மாவுக்கு எதுவும் புரியவில்லை என்றாலும் சரி என்றார். இவர் நங்கூரத்தைச் சேற்றில் போட்டு, பக்கத்திலேயே வரப்பில் நின்று இழுத்தார். வழுக்கிக்கொண்டு வந்தது. மறுபடி போட்டார், மறுபடி வழுக்கியது. எதிர்வீட்டு அம்மா வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை மென்றபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல தூக்கறீங்களே. மம்பட்டிய மேல தூக்கினா மண்ண எப்படிங்க வெட்டும்?" என்றேன் நான்.

இவர் என்னைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கயிற்றைத் தரையோடு தாழ்த்தி இழுத்தார். தகடுகள் சாய்ந்து, முனை குத்தி, சேற்றுக்குள் இறங்கின. இன்னும் இழுத்தார். இன்னும் இறங்கின. எழுந்து, கயிற்றை முழுக்க விட்டு, அடுத்த வரப்பு வரைக்கும் போனார். அங்கிருந்து நின்றபடியே இழுத்தாலும் அது பிடித்தது. தூரம் போகப்போகக் கயிறு படுத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

"நாம ஆழத்துக்குச் சரியாக் கயிறு விட்டுட்டோம். அது நட்டுக்குத்தலா நின்னுக்கிச்சு. ஆழத்தப்போல அஞ்சாறு மடங்கு விடணும்" என்றார். குரலில் பழைய தெம்பு வந்திருந்தது. "பெரிய வண்டி பிரேக்க மிதிச்ச எடத்துலயேவா நிக்கும்? முன்னாடியே மிதிச்சு, எடம் விட்டுத்தான் நிறுத்தணும்."

அன்று மாலையே வீட்டில் இருந்த ஊஞ்சலைக் கழற்றினார். மகள் பெரியவளான பிறகு அதில் துணி மட்டும்தான் காய்ந்தது. அதன் இரும்புச் சங்கிலியைக் கயிற்றுக்கும் நங்கூரத்துக்கும் நடுவில் சேர்த்தால், கயிறு இன்னும் நன்றாகப் படுக்கும் என்றார். நான் என் பங்குக்கு நங்கூரத்தில் தகடு இருக்கும் தலைப்பக்கம் ஒரு மெல்லிய கயிறு கட்டி, மறுமுனையில் காலி கேனைக் கட்டினேன். எங்கே மாட்டினாலும் எதிர்ப்பக்கம் இழுத்து எடுக்க அது போதும்.

அடுத்தமுறை ஏரியில் காற்று நன்றாகவே இருந்தது. படகின் முன்முனையில் கயிற்றைக் கட்டி, நங்கூரத்தை மெதுவாக இறக்கி, காற்றின் போக்கில் படகைப் பின்னால் போகவிட்டுக் கயிறு விட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கயிற்றை முடிந்தார். படகு கொஞ்சதூரம் போய், தலையைக் காற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது. பனைமரத்துக்குப் பின்னால் டவர் ஒளிந்துகொண்டது. சாப்பிட்டோம். தேநீர் குடித்தோம். டவர் வெளியே வரவேயில்லை.

குத்தகைக்காரர் பரிசலில் வந்தார். எங்கள் படகின் ஓரத்தைப் பிடித்து, ஒரு கையால் துடுப்பை வலித்து, பலம்கொண்ட மட்டும் தள்ளிப் பார்த்தார். படகு முனகியது, நகரவில்லை.

"நிக்குதுங்களே" என்றார்.

"நிக்கும்ங்க" என்றார் இவர். ஃபிளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அவர் பரிசலை எங்கள் படகோடு கட்டிவிட்டு, கிழக்குப் பக்கம் கெண்டை நன்றாக வந்திருப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். போகும்போது, "எனக்கும் அப்படி ஒண்ணு செஞ்சு குடுக்கச் சொல்லுங்க, ஆடிக் காத்துல வலை போடறதுக்குள்ள பரிசலு சுத்திடுது" என்றார்.

போன மாதம் இவர் ஒரு சிநேகிதர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஓசூர் போயிருந்தார். எனக்குத் தைக்க வேண்டியது எதுவும் கையில் இல்லை. காலையிலேயே மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு நான் மட்டும் ஏரிக்குப் போனேன். குத்தகைக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன், அவரும் கரையிலேயே வலை காயவைத்துக்கொண்டிருந்தார். துடுப்புப் போடுவது எனக்கு இன்னும் நேராக வராது. வளைந்து வளைந்து போய், கரைக்குக் குரல் கேட்கும் தூரத்தில் நங்கூரத்தை இறக்கினேன். கயிறு விட்டேன். கயிறு கையை லேசாகச் சுண்டி இழுத்தது, அடியில் தகடு மண்ணைக் கவ்வியது அதிலேயே தெரிந்தது. கயிற்றை முடிந்துவிட்டு உட்கார்ந்தேன்.

மீன்கள் அங்கங்கே துள்ளின. ஒரு முக்குளிப்பான் பறவை முங்கி, நான் எதிர்பார்க்காத இடத்தில் எழுந்தது. யாரும் கூப்பிடவில்லை. வெயில் முதுகில் உறைக்க ஆரம்பித்த பிறகுதான் நங்கூரத்தை இழுத்தேன். தகட்டில் கறுப்புச் சேறு அப்பியிருந்தது. அதைத் தண்ணீரில் அலசிவிட்டுப் படகைக் கரைக்குத் திருப்பினேன்.