மூடி வைத்த பேனல்

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு மாதத்தில் நான் எழுதிய புரோகிராம்களைவிட லேப்டாப் திரையில் நகர்த்திய பேனல்கள்தான் அதிகம்.

மட்டாஞ்சேரியில் ஒரு சுக்கு குடோனுக்கு மேல்மாடியில் வாடகை அறை. காலையில் தும்மிக்கொண்டே லேப்டாப்பைத் திறப்பேன். ஃபைல்களின் பட்டியல் இடப்பக்கம், கட்டளை அடிக்கும் டெர்மினல் அடியில், நடுவில் எழுதுமிடம். பத்து நிமிடத்தில் டெர்மினல் வலப்பக்கம் போகும். அங்கே போனால் நடுவில் இடம் குறுகும். திரும்ப அடிக்கே வரும். அதற்குள் சாயா நேரம் வந்துவிடும். உழைத்தவனுக்கு ஓய்வு வேண்டாமா?

வேலை நிரந்தரமானால் திண்டுக்கல்லிலிருந்து மனைவியை அழைத்துவருவதாக ஏற்பாடு. பக்கத்தில் சுள்ளிக்கலில் வீடுகூடப் பார்த்துவிட்டேன். நிரந்தரமாக்கும் முன் நானே தனியாக ஒரு புரோகிராம் எழுதிக் காட்ட வேண்டும் என்று கம்பெனியில் சொன்னார்கள்.

எழுத ஆரம்பித்ததும் பிழைகளைக் காட்டும் பேனல் தொல்லை கொடுத்தது. கறுப்பும் சாம்பலுமாய்ப் பார்த்துப் பார்த்து அமைத்த திரையில் அதன் சிவப்பு கண்ணை உறுத்தியது. இழுத்து மூடினேன். அதற்குப் பிறகு ஒரு பிழையும் வரவில்லை, எனக்குத் தெரிந்தவரை.

காட்ட வேண்டிய நாளன்று காலையில் புரோகிராமை ஒருமுறை ஓட்டிப் பார்த்திருப்பேன் என்றுதானே நினைப்பீர்கள்? பேனல்களின் ஓரங்களைச் சமன் செய்துகொண்டிருந்தேன். போன வாரம் ஓடியதே, அது போதாதா?

டீம் லீடர் பாலக்காட்டுத் தமிழ் பேசும் சேச்சி. அதட்டாமலே பயமுறுத்தத் தெரிந்தவர். வீடியோ காலில் என் திரையைப் பார்த்ததும் வெகு ஒழுங்கு என்று பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு ஓட்டச் சொன்னார். ஓடவில்லை. மறுபடி அழுத்தினேன், மரியாதைக்குக்கூட அசையவில்லை.

"எரர் காட்டற பேனல் எங்கே?"

"மூடி வச்சிருக்கேன், சேச்சி."

"ஏன்?"

"பார்க்க நல்லா இல்லை."

திறக்கச் சொன்னார். சிவப்பு வரிகள் கீழே போய்க்கொண்டே இருந்தன. வெட்கத்தில் காது சுட்டது. இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம் என்று சொல்லி அழைப்பை முடித்துக்கொண்டார்.

சாயங்காலம் மனைவிக்கு ஃபோன் செய்து, கம்பெனி, மழை, வீட்டு ஓனர் என்று எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் உண்மையைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அப்போ கட்டி வச்ச பெட்டியைப் பிரிச்சிடவா?" என்று மட்டும் கேட்டாள்.