கூட்டத்தோடு ஓடிவந்த குட்டி

காது கேளாத நாய்க்குட்டி ஒன்றை, காது கேட்கும் என்று நம்பவைத்து என் தோழியின் கையில் கொடுத்தேன். தெரிந்தே கொடுத்தேன். சிரித்துக்கொண்டே கொடுத்தேன்.

அந்த யோசனை உதித்த கணம் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. சோழபுரத்தில் என் தாய்மாமாவின் நாய்க்கொட்டகை. தகரக் கூரையில் காலை வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. குட்டிகள் சாக்கின்மேல் ஒன்றோடொன்று பின்னிப் படுத்திருந்தன. சுவரோரம் ஒரு எவர்சில்வர் தட்டு, விளிம்பு நசுங்கிய தட்டு, சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. என் பார்வை அதன்மேல் விழுந்தது... அவ்வளவுதான். யோசனை என்று சொல்வதுகூட அதிகம். கை தானாக நீண்டது!

அந்தத் தட்டைப் பற்றி முதலில் உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் ராஜபாளையம் நாய், மூக்கு மட்டும் ரோஜா நிறத்தில் இருக்க, உடம்பெல்லாம் வெள்ளை. அந்த வெள்ளைக்கு ஒரு விலை உண்டு. சில ஈற்றுகளில் காது கேட்காத குட்டி ஒன்று பிறந்துவிடும். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. வாங்க வருகிறவர் சந்தேகப்பட்டால், குட்டிகள் மொத்தமாகப் படுத்திருக்கும்போது வளர்ப்பவர் தட்டைத் தட்டுவார். சத்தம் கேட்ட குட்டிகள் சோறு வருகிறது என்று துள்ளி எழும். கேட்காத குட்டியும், மேலே மிதிக்கும் மற்றக் குட்டிகளால் விழித்து, அவை ஓடும் திசையில் ஓடும். வாங்க வந்தவர் கண்ணுக்கு எல்லாக் குட்டிக்கும் காது கேட்கும்.

தனியாக எடுத்து, முதுகுப் பக்கம் நின்று தட்டினால் குட்டு உடைந்துவிடும். யாரும் அப்படிக் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

ஆம், முதலில் ஏமாந்தவள் நான்! பள்ளிக்கூடப் பருவத்தில், அம்மாவிடம் அழுது அடம்பிடித்து மாமாவிடமிருந்து வாங்கிய குட்டிக்கு மின்னல் என்று பெயர் வைத்தேன். தொண்டை கிழியக் கத்தினாலும் அவள் திரும்பமாட்டாள். மாமாவிடம் போய்ச் சொன்னேன்.

“ராஜபாளையம் நாய்னா அப்பிடித்தான் தாயி, ராசா மாதிரி. கூப்பிட்ட ஒடனே வாரதுக்கு அதென்ன வேலைக்காரனா?”

எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது! தெருவில் எல்லோரிடமும் அதைச் சொல்லித் திரிந்தேன்.

ஒருநாள் தென்காசி ரோட்டில் லாரிக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டேதான் வந்தார். ரோட்டோரம் நின்றவர்கள் எல்லோரும் காதைப் பொத்தினார்கள். மின்னல் மட்டும் நிதானமாக ரோட்டைக் கடந்தாள். நான் இந்தப் பக்கம் நின்று கத்திக்கொண்டிருந்தேன்... கேட்காத காதுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

அவளைப் புதைத்த கையோடு அழுதுகொண்டு போய் மாமாவிடம் கேட்டேன், அவளுக்குக் காது கேட்காதென்று உங்களுக்கு முன்பே தெரியுமா என்று.

“தெரியும்ட்டி. சொல்லியிருந்தா உங்கம்மா வீட்டுக்குள்ள விட்டிருப்பாளா? ஒரு உசுருக்கு ஒரு வீடு கெடச்சுதா இல்லையா?”

குட்டி பார்க்க வந்தவர்கள் சிலர் அங்கே நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் மாமாவின் கையிலிருந்த அந்தத் தட்டைப் பிடுங்கித் தண்ணீர்த்தொட்டியில் ஓங்கி அடித்தேன். விளிம்பு நசுங்கியது என் கைங்கரியம்!

“இந்தத் தட்ட இனி நான் தொடமாட்டேன். இந்த வாசல மிதிக்கமாட்டேன். உங்கள மாதிரி ஒருநாளும் ஆகமாட்டேன்!”

மாமா குனிந்து தட்டை எடுத்து லுங்கியில் துடைத்தார். “கை வலிக்கப் போவுது தாயி” என்றார்.

என்னைத் தூக்கி வளர்த்த மனிதர். தோளில் உட்காரவைத்துத் தேர் காட்டியவர். அந்தத் தோளிலிருந்து அன்று விழுந்தவள் பிறகு அதில் ஏறவே இல்லை. வீட்டு விசேஷங்களில் அவர் வந்தால் நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். அவரை வெறுப்பது என் நேர்மைக்குச் சான்றிதழ் போல இருந்தது. எத்தனை சுகமான வெறுப்பு அது!

விலங்கியல் படித்தேன். நாட்டு நாய்களைப் பற்றி இணையத்தில் பேசத் தொடங்கினேன். பேச்சென்றால் அப்படியொரு பேச்சு! உணவு, தடுப்பூசி, பரம்பரை என்று எதையும் விடவில்லை. ஒரு காணொளியில் இந்தத் தட்டு வித்தையையும் உடைத்தேன். ‘மொத்தமாக வைத்துத் தட்டினால் நம்பாதீர்கள். தனியாக எடுத்துத் தட்டச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.’ நிறையப் பேர் பாராட்டினார்கள். மாமாவும் பார்த்திருப்பார் என்று நினைத்து, அவர் பெயரைச் சொல்லாமலே அவரைப் பார்த்துப் பேசினேன்.

பிறகு, நானே ஒரு பெண் நாய் வளர்த்தேன். முதல் ஈற்று எடுக்க வேண்டும். கலப்பில்லாத ஆண் நாய் வேண்டும். சுற்றுவட்டாரம் முழுக்க விசாரித்தால் எல்லா விரலும் ஒரே திசையில் நீண்டன... சோழபுரம்.

மிதிக்கமாட்டேன் என்ற வாசலை மிதித்தேன். எங்கள் வாடகை வீட்டில் இடமில்லை என்று நாயையும் அங்கேயே பிரசவத்துக்கு விட்டேன். ‘இனத்துக்காகத்தானே’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு எளிதாக ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது, பார்த்தீர்களா?

மாமா ஒன்றும் குத்திக் காட்டவில்லை. ஒரே ஒரு முறை, பல்குச்சியைக் கடித்தபடி சொன்னார்:

“வெள்ளைக்கு வெள்ளை சேத்தா அப்பிடி ஒண்ணு வரத்தான்ட்டி செய்யும். அன்னைக்குப் பாக்கேன் உன் யோக்கியத்த.”

வந்தது!

குட்டிகளை ஒவ்வொன்றாகக் கொட்டகைக்குப் பின்னால் எடுத்துப் போய்க் கரண்டியால் டம்ளரைத் தட்டினேன். எல்லாம் சட்டென்று தலை திருப்பின. ஒருவன் மட்டும் மண்ணில் ஊரும் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி தட்டினேன். இன்னும் பலமாகத் தட்டினேன். எறும்பு போன பிறகு, அது போன வழியை முகர்ந்துகொண்டிருந்தான்.

இவனை நானே வளர்ப்பேன் என்று முடிவு செய்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதுதான் என் முடிவு. ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. ‘எல்லாக் குட்டியும் நல்ல குட்டி, நானே பரிசோதித்துத்தான் தருவேன்’ என்று இணையத்தில் முன்பே முழங்கியிருந்தேன். ஒன்று பழுது என்று தெரிந்தால் தாயைப் பற்றிக் கேட்பார்கள். என்னைப் பற்றிக் கேட்பார்கள். அதைவிட... மாமா சிரிப்பார். ஆக, சில நாட்கள் வாயை மூடிக்கொண்டு யோக்கியமாக இருந்தேன்.

அப்போதுதான் செண்பகம் வந்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துப் பெண். கல்லூரியில் எனக்குப் பக்கத்து இருக்கை. போலீஸ் வேலைக்கான ஓட்டத் தேர்வுக்காக விடியுமுன் தோப்பு ரோட்டில் தனியாக ஓடிப் பழகிக்கொண்டிருந்தாள். எதற்கு நாய் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள்.

“பின்னால எவன் வாரான்னே தெரிய மாட்டேங்குதுட்டி. முதுகெல்லாம் கண்ணு வச்சுக்கிட்டா ஓட முடியும்? நாய்க்குன்னா கேக்கும்லா.”

புரிகிறதா உங்களுக்கு? அவள் கேட்டது நாயை அல்ல. இரண்டு காதுகளை!

அவளுக்கென்று துறுதுறுப்பான பெண்குட்டி ஒன்றை ஒதுக்கி வைத்திருந்தேன். அவளோ வந்ததும் அந்தக் குவியலிலிருந்து அவனைத் தூக்கிவிட்டாள். காது கேளாத குட்டிகள் முகத்தையே பார்க்கும். அவற்றுக்கு உலகம் அங்கேதான் இருக்கிறது.

“ஏட்டி, இவன் என் மூஞ்சியவே பாக்கான் பாரேன்! இவன்தான் எனக்கு.”

“அவன் வேண்டாம். வேற ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்.”

“ஏன், இவனுக்கு என்ன?”

கொட்டகை வாசலில் மாமா நின்றிருந்தார். வாயில் பல்குச்சி. கண்ணில் அந்தச் சிரிப்பு. நான் சொல்லாமலே அவர் கண்டுபிடித்திருந்தார்.

“சொல்லு தாயி” என்றார். “இவனுக்கு என்ன?”

ஒரு சொல் போதும். ‘கேக்காது.’ அவ்வளவுதான்! நாக்கின் நுனிவரை வந்தது. மாமா பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்டுக்கணக்கில் அவரைவிட ஒரு படி மேலே நின்று பழகியவள் நான். அவர் கண்ணெதிரே இறங்க முடியவில்லை... இறங்காமல் இருப்பதற்காகத்தான் விழுந்தேன்.

“ஒண்ணுமில்ல. கீழ விடு, காட்டுதேன்.”

குட்டியைக் குவியலோடு விடவைத்தேன். தட்டை எடுத்தேன். செத்த நேரம் பொறுத்து, எல்லாம் அடங்கியதும், தட்டினேன். வெள்ளையாக ஒரு அலை எழுந்து எங்கள் காலடிக்கு ஓடிவந்தது. அவனும் வந்தான். எல்லோரையும் முந்திக்கொண்டு வந்தான், பாவி!

“தனியா எடுத்துத் தட்டட்டுமா?” என்று வேறு கேட்டேன். எதற்குக் கேட்டேன்? அவள் ‘சரி’ என்று சொல்லிவிடட்டும் என்றா? சொல்லமாட்டாள் என்று தெரிந்தா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

செண்பகம் சிரித்தாள்.

“போடி. உன் வீடியோ அம்புட்டும் பாத்திருக்கேன். அதெல்லாம் ஊர்ல உள்ள களவாணிப் பயலுவளுக்கு. நீ குடுக்கும்போது நான் எதுக்கு தட்டிப் பாக்கணும்?”

துப்பட்டாவில் அவனைச் சுற்றி எடுத்துக்கொண்டு அவள் பஸ் ஏறினாள். மாமா என் கையிலிருந்து தட்டை வாங்கிச் சுவரோரம் வைத்தார்.

“கைப்பழக்கம் வந்துருச்சு தாயி.”

அவர் குரலில் கேலி இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பாசம் இருந்தது! வழிதவறிப்போன பிள்ளை வீடு திரும்பியது போன்ற பாசம். என்னை ஏமாற்றிய மனிதரை வெறுக்கும் உரிமை ஒன்றுதான் எனக்கு மிச்சமிருந்தது. அதையும் நானே பிடுங்கி எறிந்துவிட்டேன்.

வெள்ளையாக இருக்கிறான் என்று தன் ஊர்ப் பால்கோவாவின் பெயரை வைத்தாள் செண்பகம். கோவா. சில நாளில் போன் வந்தது.

“உன் பயலுக்குத் திமிரப் பாரு. எம்புட்டுக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டேங்கான்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“ராஜபாளையம் நாய்னா அப்பிடித்தான். கூப்பிட்ட ஒடனே வாரதுக்கு அவன் என்ன வேலைக்காரனாட்டி?”

அதே வாக்கியம். என் வாயிலிருந்து மாமாவின் குரல் வந்தது. போனை வைத்த பிறகும் அது என் காதிலேயே நின்றது.

அதோடு விட்டேனா? படித்தவள் அல்லவா! சைகையால் பழக்கு, இப்போது எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று சொல்லிக்கொடுத்தேன். கையை உயர்த்தினால் உட்கார், தரையை மிதித்தால் திரும்பு. அவனும் கற்றுக்கொண்டான். செண்பகம் பூரித்துப் போனாள். என் படிப்பு முழுவதும் ஒரு பொய்யை நாள்தோறும் சோறூட்டி வளர்க்கப் பயன்பட்டது.

கோவா இப்போது நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டான். அவளோடு விடியுமுன் ஓடுகிறான். கொஞ்ச நாளுக்கு முன் அவள் சொன்னாள்:

“இப்பல்லாம் பாட்டுக் கேட்டுக்கிட்டே ஓடுதேன்ட்டி. காதுல மாட்டிட்டா களைப்பே தெரியல. அதான் கோவா இருக்கான்லா.”

அவள் தன் காதுகளையும் அடைத்துக்கொண்டாள். என்னை நம்பி!

அன்றே சொல்லியிருக்க வேண்டும். ‘ஹெட்செட் மாட்டாதட்டி, ஆபத்து’ என்று மட்டும் சொன்னேன். “நீ என்ன எங்கப்பா மாதிரி பேசுத” என்று சிரித்தாள்.

நேற்று, தோப்பு ரோட்டில், பின்னாலிருந்து பைக்கில் வந்த ஒருவன் அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்திருக்கிறான். விழுந்தாள். முழங்கால் தோல் உரிந்துவிட்டது. அவள் விழுந்ததைக் கண்ட பிறகுதான் கோவா திரும்பியிருக்கிறான். பாய்ந்து விரட்டியிருக்கிறான். அதற்குள் பைக் போய்விட்டது.

“தப்பு என் மேலதான்ட்டி” என்றாள் இன்று காலை போனில். “கோவா முன்னாலயே உறுமியிருப்பான். பாட்டுச் சத்தத்துல எனக்குத்தான் கேக்கல.”

ஐயோ... அவன் உறுமவில்லை! அவனுக்கும் கேட்கவில்லை! அதைச் சொல்ல எத்தனை மூச்சு வேண்டும்? நான், “மருந்து போட்டியா?” என்று கேட்டேன்.

“போட்டாச்சு. இன்னைக்கு ஒருநாள் ரெஸ்ட். நாளைக்கு மறுபடியும் ஓடணும். தேர்வு வருதுல்லா.”

போனில் ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். என் வாயை நான் நம்புவதில்லை. அது வளைந்துவிடும். கடைசி நேரத்தில் ஏதாவது ஒரு நல்ல வாக்கியம் கண்டுபிடித்துவிடும். இங்கே எழுதியிருக்கிறேனே, இதிலும் எத்தனை இடத்தில் என்னை அழகாகக் காட்டிக்கொண்டேனோ... யார் கண்டது?

இன்று மாலை சோழபுரம் போய் அந்தத் தட்டைக் கேட்டேன்.

“எதுக்குட்டி?” என்றார் மாமா.

“செண்பகம் வீட்டுக்கு.”

“அந்தப் பிள்ள பொறவு உன் மூஞ்சில முழிக்கமாட்டா தாயி” என்றார். மறுக்கவில்லை. சுவரோரத்திலிருந்து எடுத்து, வழக்கம்போல் லுங்கியில் துடைத்துக் கொடுத்தார்.

தட்டு இப்போது என் பைக்குள் இருக்கிறது. நாளை முதல் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறேன். அவள் ஓடக் கிளம்புமுன் வாசலில் நிற்க வேண்டும். ஒன்றும் பேசப்போவதில்லை. கோவாவைத் தனியாக நிறுத்தி, அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, என்னால் முடிந்த மட்டும் ஓங்கித் தட்டுவேன்.

செண்பகம் திடுக்கிட்டுத் திரும்புவாள். கோவா திரும்பமாட்டான்.

அதன்பின் அவள் என் முகத்தைப் பார்ப்பாள்.