முந்திக்கொண்ட பதில்

கொரியாவின் குன்சான் நகரத்துத் தாய்மார்களின் இணையக் குழுவில் யார் எதைக் கேட்டாலும் முந்திக்கொண்டு பதில் சொல்பவள் ஓக்ஜுதான். முதல் பதிலுக்கே இதயக்குறிகள் குவியும். அப்படிச் சேர்த்துத்தான் தன் பெயருக்குப் பக்கத்தில் தங்க இலைச் சின்னம் வாங்கியிருந்தாள்.

அன்று மதியம் சோஹீ என்ற பெண் மலையில் பறித்த கீரையைப் படம்பிடித்துப் போட்டு, "இது கொம்ச்விதானே, சாப்பிடலாமா?" என்று கேட்டாள்.

"அதேதாங்க. கறிய வச்சு மடிச்சுச் சாப்பிடுங்க, அமிர்தமா இருக்கும்" என்று உடனே எழுதினாள் ஓக்ஜு.

சற்று நேரம் கழித்து, சேர்ந்த இதயங்களைப் பார்க்க வந்த ஓக்ஜு படத்தைப் பெரிதாக்கினாள். கொம்ச்வி இலையின் ஓரம் ரம்பப்பல்லாக இருக்கும். இந்த இலையின் ஓரம் மழுங்கி, மேல்புறம் மினுமினுத்தது. இது விஷக்கீரை! அனுப்பிய எச்சரிக்கை எதையும் சோஹீ திறக்கவில்லை. குழுவில் கெஞ்சியதும் சோஹீயின் பக்கத்து வீட்டுக்காரி அவளது தொலைபேசி எண்ணைக் கொடுத்தாள். ஓக்ஜு உடனே அழைத்தாள்.

"அந்தக் கீரைய வாயில வைக்காதீங்க, விஷம்!"

"யாருங்க நீங்க?"

"நல்லதுன்னு சொன்ன ஓக்ஜுதாங்க."

"தங்க இலை இருக்கேன்னு உங்கள நம்பினேனே! மாமனார் இப்பத்தான் சாப்பிட உக்கார்றாரு."

"பேரு வாங்குற அவசரத்துல சரியாப் பாக்கலைங்க. தட்ட எடுத்துடுங்க, கும்பிட்டுக் கேக்குறேன்."

நாற்காலி நகரும் சத்தமும் கிழவரின் அதட்டலும் கேட்டன. ஓக்ஜு தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"யாரும் வாயில வைக்கலைங்க. எல்லாத்தயும் கொட்டியாச்சு" என்றாள் சோஹீ, கோபமாக.

ஓக்ஜு சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.