கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை

காலேர்வே சந்தையில் வாழைக்காய் விற்கும் புகிர்வாவிடம் பேரம் பேசி ஜெயித்தவர் கிடையாது. மூச்சு வாங்கிக்கொண்டே திட்டுவாள். சின்ன வயதில் வந்த காய்ச்சல் இருதய வால்வைச் சுருக்கிவிட்டது. நாலு எட்டு நடந்தால் உட்கார்ந்துவிடுவாள். அந்தத் திட்டையும் வாங்கிக்கொண்டு காயும் வாங்கும் நான், இருதய ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

அவளுக்கு ஒரே மகள், நந்துமே. கல்யாணமாகி வடக்கே தூரத்திலுள்ள குலு ஊருக்குப் போனவள் அங்கே பிரசவத்தில் இறந்துபோனாள். பக்கத்தில் இருந்தவன் புருஷன் லுப்வாமா மட்டும்தான். கடைசியில் என் பிள்ளை என்ன சொன்னாள் என்று கேட்டுவிட வேண்டும், புகிர்வாவுக்கு அந்த ஏக்கம்தான். கேட்க வழியில்லை. எங்கள் வழக்கத்தில் மாமியாரும் மாப்பிள்ளையும் முகம் பார்க்கக் கூடாது; போனில் பேசவும் கூசுவார்கள். தொட்டால் கை நடுக்கம் வரும் என்பார்கள். ஆள் விட்டுக் கேட்டால், "அமைதியா போனா" என்று பதில் வரும். அது யாருக்கு வேண்டும்?

அந்த லுப்வாமாவுக்கு இப்போது எங்கள் ஆஸ்பத்திரியில்தான் வேலை. அதனாலேயே வால்வை விரிக்கும் சிகிச்சைக்கு வரமாட்டேன் என்றாள் புகிர்வா.

"அவர் கை நடுங்கினா என் நெஞ்சு என்னாகும்?"

"அவர் ஊசியைத் தொடவே மாட்டார் அக்கா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்து திரையைப் பார்ப்பார். இப்படியே கிடந்து சாகப்போறியா?"

ஒருவழியாக வந்து படுத்தாள். தொடை ரத்தக்குழாய் வழியாகப் போகும் ஊசி இருதயத்தின் நடுச்சுவரைத் துளைக்க வேண்டும். முனை எங்கே நிற்கிறது என்பதை அதிலுள்ள சென்சார் திரையில் அலையாகக் காட்டும். கொஞ்சம் பிசகினாலும் ஆளே போய்விடுவாள்.

"சுவரைத் தொட்டாச்சு," என்றது ஸ்பீக்கரில் லுப்வாமாவின் குரல்.

மாப்பிள்ளை குரல் கேட்டதுதான் தாமதம், முகத்தை மூடக் கையைத் தூக்கிவிட்டாள். உடம்பும் சேர்ந்து திரும்பியது.

"நழுவுது டாக்டர், நிறுத்துங்க," என்றது ஸ்பீக்கர்.

டாக்டர் ஊசியைப் பின்னுக்கு இழுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் கையை அமுக்கிப் பிடித்தேன். "முகத்தை மூடவா இங்க வந்து படுத்தே?"

"அத்தை, இங்கேர்ந்து உங்க முகம் தெரியலை," என்றான் அவன். "அலை மட்டும்தான் தெரியுது. ஆடாம இருங்க."

அவள் அசையவில்லை. ஊசி மறுபடி சுவரைத் தொட்டது. அலை மாறியது.

"தாண்டியாச்சு."

பலூனை ஊதி வால்வை விரித்தார் டாக்டர். புகிர்வா நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மாப்பிள்ளை, நந்துமே கடைசியா என்ன சொன்னா?"



"'அம்மா பஸ் ஏறிட்டாளா, ஏறிட்டாளா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா அத்தை. ஏறிட்டாங்கன்னு சொன்னேன்."

அன்று மகளைப் பார்க்கக் கிளம்பிய புகிர்வா பஸ் நிலையத்துக்குப் போகிற வழியிலேயே மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டவள். பஸ் ஏறவே இல்லை.

அவள் உதடு துடித்தது. "அழாதீங்கம்மா, குழாய் இன்னும் உள்ளே இருக்கு," என்றார் டாக்டர். பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டாள். ஸ்பீக்கரில் அவன் விம்முவது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"மாப்பிள்ளை, எனக்கும் சேத்து அழுதுடுங்க," என்றாள்.