எல்லாருக்கும் சேர்த்து ஒரு துப்பல்

ஊரில் பாதிக் கட்டடங்களின் காவலாளிகளுக்கு அவள் பெயர் தெரியாது. "சிலிண்டர்க்காரி வந்திருக்கா" என்றுதான் உள்ளே சொல்லி அனுப்புவார்கள். அலுவலகம், பள்ளிக்கூடம், துணிக்கடை, மருந்துக் கிடங்கு என்று எங்கெல்லாம் சுவரில் சிவப்பாகத் தீயணைப்புக் கருவி தொங்குகிறதோ, அங்கெல்லாம் போய் அதை இறக்கிச் சோதித்து, நல்லதாக இருந்தால் கழுத்தில் தேதி அட்டை கட்டிவிட்டு வருவது அவள் வேலை. மீட்டர் முள் பச்சையில்தானே நிற்கிறது, எதற்கு இறக்குகிறீர்கள் என்று கேட்காத மேலாளர் கிடையாது. அவளும் அலுத்துக்கொள்ளாமல் சொல்வாள்: "பச்சைன்னா உள்ள அழுத்தம் இருக்குன்னு அர்த்தம் சார். பவுடர் கட்டி தட்டியிருந்தா அதை முள் சொல்லாது. கவுத்துத் தட்டிப் பாத்தாத்தான் தெரியும்." இதைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் கர்வம் எட்டிப் பார்க்கும். பார்த்துவிட்டுப் போகட்டும். அந்தக் கர்வம் பட்ட பாட்டைத்தான் சொல்ல வருகிறேன்.

அவள் குடும்பத்தில் யாருக்கும் புற்றுநோய் வந்ததில்லை. குடும்பமே அப்படித்தான் சொல்லும். பெரிய அத்தை வயிற்றுக் கோளாறில் போனாள். நடு அத்தை நெஞ்சுச் சளியில் போனாள். சளிக்கு முன்னால் ஒரு பக்க மார்பை ஏன் எடுத்தார்கள் என்று கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. சின்ன அத்தைக்கு வந்தது வெறும் கொழுப்புக்கட்டி. அதை எடுத்த கையோடு அவள் தலைமுடி மொத்தமும் கொட்டியதற்குக் குழாய்த் தண்ணீர் சரியில்லை என்று காரணம் கண்டுபிடித்தார்கள். சின்ன அத்தை மட்டும் எப்படியோ பிழைத்துக்கொண்டு, கடைத்தெருவில் நூலும் பொத்தானும் விற்கும் கடையை இன்றுவரை நடத்தி வருகிறாள். தங்கைகளின் நோய்க்கெல்லாம் பெயர் வைத்த அப்பா, மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அது ஒன்றுக்குத்தான் உண்மையான பெயரையே சொன்னார்கள்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்திருக்கும். அவள் கம்பெனியில் ஒருநாள் உடல் பரிசோதனை வைத்தார்கள். வந்திருந்த டாக்டரம்மா, குடும்பத்தில் யாருக்காவது கேன்சர் உண்டா என்று கேட்டாள். அவள் பழக்கதோஷத்தில் இல்லை என்றாள்.

"அம்மா, பெரியம்மா, சித்தி யாருக்கும் இல்லையா?"

"இல்ல மேடம். அம்மா பக்கம் எல்லாரும் கல்லு மாதிரி இருக்காங்க."

"அத்தைங்க?"

"அவங்க அப்பா பக்கமாச்சே."

"அப்பா பக்கமும் பக்கம்தாம்மா," என்றாள் டாக்டரம்மா. பிறகு பேனாவை வைத்துவிட்டு ஒவ்வொரு அத்தையாக விசாரித்தாள். வயிற்றுக் கோளாறு, சளி, கொழுப்பு என்று இவள் சொல்லச் சொல்ல, எதிரே இருந்த முகம் மாறிக்கொண்டே போனது. மார்பு ஸ்கேனுக்கு ஒரு சீட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் மரபணு ஆலோசகரைப் பார்க்க ஒரு சீட்டு. இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறியபோதுதான் அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அந்த வீட்டில் சாவது அத்தைகள்தான். அண்ணன் பெண்கள் இருவருக்கும் இப்போது அத்தை அவள்தான். நடு அத்தை செத்த வயதை அவள் எட்டியும் விட்டாள்.

அண்ணனிடம் சொன்னாள். சொல்லாமல் எதுவும் நடக்காது. கண்ணாடி வெட்டும் கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு, வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுவது தொழிலோடு வந்த பழக்கம். கீழ் வீட்டில் அவர், மாடியில் இவள். இரண்டு வீட்டு விவகாரத்தையும் தீர்மானிப்பது அவரே.

"ஆஸ்பத்திரிக்குப் போனா இல்லாத நோயையும் கண்டுபிடிச்சுருவான். அந்த மரபணு டெஸ்ட்டை இப்பல்லாம் வீட்லயே பண்ணலாம். குழாய்ல துப்பி அனுப்பினா போதும், போன்லயே சொல்லிருவான்," என்றார்.

ஒரே ஒரு பெட்டிக்குத்தான் ஆர்டர் போட்டார். அந்தக் குடும்பத்தின் வழக்கம் அது. படம் பார்க்க ஒரே கணக்கு, உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஒரே அட்டை. ஒருவருக்குக் காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால், அதே மருந்துச் சீட்டில் இரண்டு வீடும் இருமி முடித்துவிடும். ஆளுக்கொரு பெட்டி வேண்டாமா என்று அண்ணி மெதுவாகக் கேட்டாள்.

"எதுக்கு? எல்லாம் ஒரே ரத்தம்தானே," என்றார் அண்ணன். யார் துப்புவது என்ற கேள்வியே எழவில்லை. மூத்தவர் இருக்கும்போது இளையவர் துப்புவது மரியாதையா?

துப்புவது லேசான காரியமாக இல்லை. குழாயில் கோடு போட்டிருந்தது, நுரையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் எழுதியிருந்தது. சாதாரண நாளில் தெருவெல்லாம் துப்பிக்கொண்டு நடக்கிற மனுஷனுக்கு அன்று பார்த்து வாய் வறண்டுபோனது. அண்ணி எலுமிச்சம்பழத்தை நறுக்கி மூக்குக்கு நேரே பிடித்தாள். பெண்கள் இருவரும் சிரிப்பை அடக்க முடியாமல் மாடிக்கு ஓடினார்கள். குடும்பத்தின் எதிர்காலம் சொட்டுச் சொட்டாக அந்தக் குழாயில் இறங்கியது.

சில வாரம் கழித்துப் போனில் பதில் வந்தது. பெரிதாக ஒரு பச்சைக் குறி, பக்கத்தில் "தேடிய மாற்றங்கள் எதுவும் இல்லை" என்று ஒரு வரி. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு பக்கம் ஓடியது. அண்ணன் பச்சையை மட்டும் எல்லாருக்கும் காட்டினார். அவளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. உண்மையைச் சொல்வதானால், அவள் அன்று சந்தோஷத்தில் அழுதுகூட விட்டாள். மறுநாளே ஸ்கேனுக்குக் கேட்டிருந்த நேரத்தை ரத்து செய்தாள், ஆலோசகர் சீட்டு பையின் அடிக்குப் போய்விட்டது.

அதன் பிறகு ஒரு துணிக்கடைக்கு வேலையாகப் போனாள். மேலாளர் புதியவர், அவசரக்காரர். வாசலில் இருந்த ஒரு சிலிண்டரைக் காட்டி, "இது பச்சைல இருக்கு பாருங்க. எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே நாள்ல வாங்கினது. மத்ததுக்கும் இதை வச்சே அட்டை கட்டிருங்களேன்," என்றார்.

"அது எப்படி சார்? ஒண்ணைப் பாத்துட்டு மொத்தக் கட்டடத்துக்கும் எப்படிச் சொல்றது? அதுவும் வெறும் முள்ளைப் பாத்து..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மேலாளர் அவளுக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டதென்று நாற்காலி கொண்டுவரச் சொன்னார். உட்கார்ந்தாள். தன்னை நினைத்து அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அன்றாடம் ஊருக்கெல்லாம் சொல்கிற பாடத்தைத் தன் வீட்டு வாசலோடு நிறுத்திவிட்டாளே.

வீட்டுக்கு வந்து அண்ணன் போனை வாங்கிப் பொடி எழுத்தைப் படித்தாள். தெரிந்த ஆயிரக்கணக்கான மரபணு மாற்றங்களில் சிலவற்றை மட்டுமே தேடினோம், இது டாக்டர் பரிசோதனைக்கு ஈடாகாது என்று அவர்களே ஒப்புக்கொண்டிருந்தார்கள். பையின் அடியிலிருந்த சீட்டைத் தேடி எடுத்தாள்.

மரபணு ஆலோசகர் அவள் கதை முழுவதையும் கேட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டதை அவள் கவனித்தாள்.

"உங்க அண்ணனுக்கு இல்லைன்னா உங்களுக்கும் இல்லைன்னு ஆகாதும்மா. அப்பாகிட்ட அந்த மரபணு மாற்றம் இருந்திருந்தா, ஒவ்வொரு பிள்ளைக்கும் வர்றதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அது போக, எதைத் தேடணும்னே தெரியாம தேடியிருக்கீங்க. நோய் வந்தவங்க யாராவது உயிரோட இருந்தா முதல்ல அவங்களுக்குப் பாக்கணும். அவங்ககிட்ட கிடைச்சா, அதையே மத்தவங்ககிட்டயும் தேடலாம். இருக்காங்களா?"

இருக்கிறாள். ஆனால் அவளுக்கு வந்தது கொழுப்புக்கட்டியாயிற்றே. அதை எப்படி அவளிடம் உடைப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே பொத்தான் கடைக்குப் போனாள்.

"அத்தை, உங்களுக்கு அப்ப ஒரு கட்டி எடுத்தாங்களே..."

"கேன்சரா?" என்றாள் சின்ன அத்தை, பொத்தான்களை நிறம் பிரித்தபடி.

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஏண்டி, அந்த ஆஸ்பத்திரி வாசல்லயே ஆள் உயரத்துக்கு எழுதிப் போட்டிருக்கான். உங்கப்பன் என்னைக் கண்ணை மூடிக்கிட்டா வரச் சொன்னான்?"

"அப்புறம் ஏன் அத்தை சொல்லவே இல்ல?"

"அவன் பாவம், அவ்வளவு பாடுபட்டு மறைச்சான். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிருவான்னு நானும் மறைச்சேன். கடைசி வரைக்கும் ரெண்டு பேரும் கொழுப்பு கொழுப்புன்னே பேசிக்கிட்டிருந்தோம்." அத்தை சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "அழறதுக்குக்கூட ஆள் இல்லடி. குளியலறைல தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழுவேன். உங்கண்ணன் வந்து தண்ணி வீணாப் போகுதுன்னு கதவைத் தட்டுவான்."

அவள் தரையில் உருண்ட ஒரு பொத்தானை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஆலோசகர் கேட்டதைச் சொன்னாள்.

"என் ரத்தம்தானே வேணும்? எடுத்துக்கச் சொல்லு. இத்தனை வருஷத்துல இப்பதான் ஒருத்தி வந்து என்கிட்டயே கேக்குறா," என்றாள் அத்தை.

அத்தையின் ரத்தத்தில் அந்த மரபணு மாற்றம் இருந்தது. அண்ணன் வாங்கிய பெட்டி தேடவே தேடாத மாற்றம். அடுத்து அவளுக்கும் அண்ணனுக்கும் பார்க்க வேண்டும் என்றார் ஆலோசகர். "எனக்குத்தான் பாத்தாச்சே" என்று அண்ணன் முறுக்கிக்கொண்டார். அத்தையே கடைக்கு நேரில் போய், வெட்டிக்கொண்டிருந்த கண்ணாடிக்கு முன்னால் நின்று கூப்பிட்ட பிறகுதான் கிளம்பினார்.

முடிவு வந்த அன்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக உள்ளே அழைத்தார்கள். அவளுக்கு இல்லை. எல்லாப் பெண்களையும் போல அவ்வப்போது ஸ்கேன் மட்டும் எடுத்தால் போதும் என்றார் ஆலோசகர். அண்ணனுக்கு இருந்தது.

வராந்தா பெஞ்சில் அத்தையோடு மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்குத் தான் தப்பித்த நிம்மதி ஒரு பக்கம், அந்த நிம்மதியால் வந்த வெட்கம் ஒரு பக்கம். அண்ணன் போனை எடுத்துத் திறந்து பார்த்தார். பச்சைக் குறி இன்னும் அங்கேயேதான் இருந்தது.

"இதுல நல்லா இருக்குன்னுதானே போட்டிருந்தான்," என்றார். பிறகு, எதையும் யாரிடமும் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன் தங்கையின் பக்கம் திரும்பினார். "பொண்ணுங்களுக்கும் பாக்கணும்னு சொல்றாரு. அவங்களுக்கு எதுக்கும்மா இந்தப் பேரெல்லாம்? ரத்தசோகைக்கு டெஸ்ட்னு சொல்லிக் கூட்டிட்டு வந்துருவோமா?"

"கொழுப்புக்கட்டின்னே சொல்லிரேன்," என்றாள் சின்ன அத்தை.

அண்ணன் தலை குனிந்தது. சுடச்சுட ஏதாவது சொல்ல வேண்டுமென்று ஆரம்பத்திலிருந்தே காத்திருந்த சிலிண்டர்க்காரிக்கு, அந்தத் தலையைப் பார்த்ததும் மனம் வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அத்தை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். "எழுந்திருடா. நானே வந்து சொல்றேன். யாரும் சொல்லாம விட்டா எப்படி இருக்கும்னு நம்ம வீட்ல எனக்குத்தான் தெரியும்."

கீழ் வீட்டுக் கூடத்தில் பெண்கள் இருவரையும் உட்கார வைத்து, அத்தை நடுவில் உட்கார்ந்து இருவர் கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். முதலில் சொன்னது அந்த நோயின் பெயரை. பிறகு தன் இரண்டு அக்காக்களும் அதில்தான் போனார்கள் என்றாள். அந்தச் சொல்லை அந்த வீட்டுக்குள் ஒருவர் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். பெரியவள் அழுதாள். யாரும் தண்ணீரைத் திறந்துவிட வேண்டியிருக்கவில்லை.